சிறுவர் நலத்தில் வேலை செய்தவர் உணவு மீட்பு அமைப்பின் நிர்வாக சபைக்குப் போகலாமா?

கேட்டவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராகப் பல வருடம் வேலை செய்கிறார். கல்யாண மண்டபம், பேக்கரி, ஹோட்டல் என்று மிஞ்சுகிற சாப்பாட்டைச் சேர்த்துக் கொடுக்கும் இளைஞர் குழு ஒன்று இப்போது முறையாகப் பதிவு செய்துகொண்டு, அவரை நிர்வாக சபைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "எனக்குச் சாப்பாட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. என்னை ஏன் கூப்பிடுகிறார்கள், போனால் நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் பார்த்த வேலை அந்த மேசையில் எதற்காவது உதவுமா, அல்லது கடிதத் தலைப்பில் பெயர் போடுவதற்குத்தானா என்பதுதான் அது.

நான் மட்டக்களப்பில் நன்னடத்தைப் பக்கமும், சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களிலும் சிறுவர் பராமரிப்பு வேலை செய்தவன். இப்போது இதே மாதிரியான ஒரு சின்ன அமைப்பின் சபையில் இருக்கிறேன். சட்டத்தரணி அல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அல்ல. அதனால் எது உறுதியானது, எது என் அபிப்பிராயம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பதில், போங்கள் என்பதுதான். காரணம் இது. இப்படிப்பட்ட குழுக்கள் எல்லாமே சாப்பாட்டின் பக்கத்திலிருந்து ஓடுகின்றன. பின்னேரம் ஒரு கோல் வரும், "நூறு பேருக்கு மிச்சம் இருக்கு, உடனே வாங்க" என்று. அந்த நிமிடத்திலிருந்து எல்லாருடைய யோசனையும் அதை எப்படி முடிப்பது என்பதில்தான் இருக்கும். யார் இத்தனையையும் ஒரே இடத்தில் வாங்குவார்கள்? சிறுவர் இல்லம்தான். கதவைத் தட்டினால் திறப்பார்கள், நன்றி சொல்வார்கள், ஒரே இடத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் மிஞ்சிய சோற்றுக்கு இடம் தேடுவது ஒரு வேலை, ஒரு பிள்ளைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கச் செய்வது வேறு வேலை. இரண்டும் சில நாள் ஒன்றாக வரும், பல நாள் வராது. வராத நாளில் பிள்ளையின் பக்கம் நின்று கதைக்க அந்த மேசையில் ஆள் வேண்டும். அந்தக் கதிரை உங்களுடையது.

எங்கள் பக்கத்து இல்லங்களில் சாப்பாடு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். குழுவில் உள்ள பெடியன்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறந்தநாள், திவசம், வெளிநாட்டில் இருக்கும் மகனின் பேரில் ஒரு நேரச் சாப்பாடு என்று நம் ஆட்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். டவுனுக்குக் கிட்ட உள்ள இல்லங்களில் சனி, ஞாயிறு மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவாகிவிடும். ஞாயிறு பகல் கோழிப் புரியாணி, இரவும் அதன் மிச்சம், செவ்வாய் இரவு பாணும் பருப்பும். அந்த இல்லத்துக்கு இன்னொரு கிடாரம் மஞ்சள் சோறு கொண்டுபோய் இறக்கினால், பசித்த பிள்ளைக்குக் கொடுத்ததாகக் கணக்கில் வரும். உண்மையில் அன்று அங்கே தேவைப்பட்டது கீரையும் முட்டையும் பழமும். இல்லத்துப் பொறுப்பாளர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. ஆகவே, வாங்கும் இடம் பயமில்லாமல் மறுக்க வழி இருக்கிறதா என்பதைச் சபையில் முதலில் கேளுங்கள். நாங்கள் ஒவ்வொரு மாதமும் இல்லங்களிடம் எந்தக் கிழமை வேண்டாம், எந்த வகை வேண்டும் என்று எழுதி வாங்குகிறோம். கடிதம் கேட்டதும் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களே அனுப்புகிறார்கள்.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, அம்மா மத்தியகிழக்குக்குப் போனது, மறுமணம், பள்ளிக்கூடம் தூரம் என்று வெவ்வேறு காரணங்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மாற்றுப் பராமரிப்பு பற்றிய ஐ.நா. வழிகாட்டல்களை 2009 டிசம்பரில் பொதுச்சபை வரவேற்றது. வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாக இருக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது 1991 இல். இவை எல்லாம் உறுதியானவை. இனி நான் சொல்வது என் கருத்து: ஊரில் உள்ள நல்ல சாப்பாடு எல்லாம் இல்லத்து வாசலுக்கே போனால், "அங்கே விட்டால் பிள்ளை மூன்று நேரமும் சாப்பிடும்" என்ற பேச்சுக்கு நாமும் தண்ணீர் ஊற்றுகிறோம். அதே சாமான் அந்தத் தாயின் குசினிக்கு, பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் போனால் சில பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். இதை என்னால் நிரூபிக்க முடியாது. வாரம் ஒரு உலர் உணவுப் பொதி ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்ததா, அல்லது பொதியோடு போய் வந்த ஆள் கதைத்த கதை பிடித்து வைத்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் நான் சபையில் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் வாதாடுகிறேன்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1967 இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடந்த நல்ல சாமான்களை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்த ஒரு தாயின் பேச்சிலிருந்துதான் அது பிறந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வான் ஹெங்கல் சேர்த்ததும் பெரும்பாலும் கடைச் சாமான், கல்யாணச் சோறு அல்ல.

இப்போது சோற்றுக்கு வருவோம். "எனக்குச் சாப்பாட்டு விஷயம் தெரியாது" என்கிறீர்கள். ஒரு சபை உறுப்பினருக்குத் தெரிய வேண்டிய அளவு பெரிதல்ல, ஆனால் அதில் சமரசம் கிடையாது. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடையில் கிருமி பெருகும். எங்கள் ஊர் வெயிலில் மூடி திறந்த கிடாரம் ஒன்று மதியம் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருக்கும். சமைத்த உணவு அப்படி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் பிறருக்குக் கொடுக்க எடுக்காதீர்கள். நம் ஆட்கள் உடனே சொல்வது, "நல்லாச் சுடவைத்தால் சரிதானே?" சரியில்லை. சோற்றில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை விடும், வாந்தி வரவைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கையிலிருந்து ஒட்டும் ஸ்டெபிலோகொக்கஸின் நச்சும் அப்படித்தான். சூரை மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் உண்டாகும் ஹிஸ்டமினும் சமைத்தால் அழியாது. மூக்கில் வைத்துப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட கணிப்பின்படி, உணவால் வரும் நோய்களில் வருடத்துக்குச் சாகும் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேரில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். உங்கள் சபை யாருக்குச் சாப்பாடு கொடுக்கிறது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தின் பின்வாசலில் நடந்தது ஒன்று. பின்னேரம் மூன்றரை இருக்கும். முக்கால் கிடாரம் மஞ்சள் சோறு மிச்சம். சமையல்காரர், "இப்பதான் இறக்கின, தொட்டுப் பாருங்க" என்றார். கிடாரத்தின் வெளிப்பக்கம் உண்மையிலேயே சுட்டது, அடியில் இன்னும் தணல் இருந்தது. எங்கள் தொண்டர் பிள்ளை ஒருத்தி வெப்பமானியின் ஊசியை நடுச் சோற்றுக்குள் இறக்கி, எண் ஓடி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். 46. மூடி எப்போது திறந்தது என்று கேட்டதற்கு, பரிமாறிய பெடியன் ஒருவன் "முதல் பந்திக்கு, பன்னிரண்டரைக்கு" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சமையல்காரருக்குக் கோபம். "இதையேதான் நாங்க வீட்டுக்குக் கொண்டு போறம், நீங்க என்ன பெரிய ஆக்களா?" அவர் சொன்னதும் பொய்யில்லை. வீட்டுக்குப் போனால் நாலு பேர் உடனே சாப்பிட்டு முடிப்பார்கள். நாங்கள் எடுத்தால் வானில் ஏற்றி, பிரித்து, இரவு ஏழரைக்கு ஐம்பது பிள்ளைகளின் தட்டில் விழும். அன்று திறக்காமல் இருந்த வட்டிலப்பத் தட்டுகளையும் வாழைப்பழக் குலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். வட்டிலப்பம்கூட ஐஸ் பெட்டியில் இருந்தபடியால்தான்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் வலீமா என்ற கல்யாண விருந்துச் சாப்பாட்டை, பல பேர் சேர்ந்து உண்ணும் சஹன் என்ற பெரிய தட்டில் வைப்பார்கள். சஹனிலிருந்து மிஞ்சியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுக்கக்கூடாது. ஐந்தாறு பேர் கை போட்ட தட்டு அது. கிடாரத்தில் கரண்டி மட்டும் பட்டதைத்தான் பார்க்கலாம். ஹலால் விஷயத்திலும் ஊகம் வேண்டாம். தமிழ்க் கல்யாணத்துச் சோறு முஸ்லிம் பிள்ளைகள் உள்ள இடத்துக்குப் போகும்போது இறைச்சி எங்கே வாங்கியது என்று தெரியாவிட்டால் சைவக் கறியை மட்டும் அனுப்புங்கள். மறுபக்கம், சைவ சமய இல்லங்களுக்கு மாட்டிறைச்சி பட்ட பாத்திரம் போகக்கூடாது. எங்கள் கரையில் ஊர்கள் மாறி மாறி இருப்பதால் ஒரே வான் ஒரே மாலையில் இரண்டுக்கும் போகும். பாத்திரத்துக்கு நிறம் பிரித்து வைப்பதுதான் சுலபம்.

என்னைக் கேட்டால், சமைத்த சாப்பாட்டை மெல்லக் குறைத்து, சமைக்காததைக் கூட்டச் சொல்வேன். பேக்கரியில் இரவு மிஞ்சும் பாணும் சாதாப் பணிஸும் மறுநாள் காலை தாராளமாகப் போகும், மீன் வைத்த மாலுபணிஸ் வேண்டாம். சந்தையில் கடைசி நேரம் மிஞ்சும் பூசணி, கத்தரி, வெண்டி. பெட்டி நசுங்கிய பிஸ்கட், சாக்கு கிழிந்த அரிசி. அம்பாறை மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் ஆலைக்காரர்களிடம் கேட்டால் அரிசி கிடைக்கும். இதெல்லாம் படம் எடுத்தால் கவர்ச்சியாக இருக்காது, கல்யாணப் புரியாணிதான் முகநூலில் ஓடும். ஒரு குடும்பத்துக்குப் பத்து நாள் போவது அரிசியும் பருப்பும்தான்.

படம் என்றதும் சொல்ல வேண்டியது. சாப்பாட்டுப் பொதியோடு நிற்கும் பிள்ளையின் முகம் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக்கூடாது. கொடையாளி கேட்டாலும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர் "ப்ரூஃப்" கேட்டாலும் கொடுக்காதீர்கள். இல்லத்தில் இருக்கும் பிள்ளை வழக்கில் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், யாரிடமிருந்தோ மறைத்து வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அது இல்லாவிட்டாலும், பத்து வருடம் கழித்து அந்தப் படம் அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் கையில் இருக்கும். வெற்றுப் பாத்திரமும் பதிவேடும் படத்துக்குப் போதும். தொண்டர்கள் பிள்ளைகளோடு தனியாக நிற்பது, அறைக்குள் போவது, தொலைபேசி இலக்கம் கொடுப்பது பற்றி எழுத்தில் ஒரு விதி வேண்டும். உணவு கொண்டுவரும் ஆளுக்கு எந்த இல்லத்தின் கதவும் திறக்கும், பிள்ளைகளை நெருங்க நினைக்கும் கெட்டவனுக்கும் இது தெரியும். ஏதாவது கண்ணில் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு தொண்டருக்கும் பாடமாக இருக்க வேண்டும். சபையில் மற்றவர்களுக்கு இதெல்லாம் மிகையாகத் தெரியும். உங்களுக்கு அப்படித் தோன்றாது, ஏனென்றால் நீங்கள் கோப்புகளைப் பார்த்தவர்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. சபையில் ஒருவர் நிச்சயம் இணையத்தில் வாசித்துவிட்டு, நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர் மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்வார். அது அமெரிக்காவில் 1996 இல் வந்த சட்டம். இங்கே நீங்கள் வாசிக்க வேண்டியது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். அது விற்பனையோடு விநியோகத்தையும் பிடிக்கிறது, இலவசம் என்பதால் தப்ப முடியும் என்று எண்ண வேண்டாம். நடைமுறையில் நல்ல வழி, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு கதைத்து, முதல் மாதமே அவரைப் பாத்திரங்களையும் வானையும் பார்க்கச் சொல்வது. அமைப்பு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிந்ததா, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்ததா என்று கேளுங்கள். கணக்கு, வருடாந்த அறிக்கை, யாருக்குப் பதில் சொல்வது எல்லாம் அதைப் பொறுத்து மாறும். யாராவது ஒரு சபை உறுப்பினர் சமையல் ஒப்பந்தமோ மண்டபமோ நடத்துகிறவராக இருந்தால், அவர் தரும் சாப்பாட்டை எடுப்பதா மறுப்பதா என்ற முடிவில் அவர் இருக்கக்கூடாது.

எங்கே கொடுப்பது என்பதையும் பாருங்கள். மட்டக்களப்பில் பெரும்பாலான குழுக்கள் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் உள்ள எழுவான்கரையிலேயே சுற்றும், ஏனென்றால் மண்டபங்களும் பேக்கரிகளும் அங்கேதான். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வான் போவது அபூர்வம், எரிபொருள் செலவைக் காட்டுவார்கள். அக்கரைப்பற்றிலிருந்து பார்த்தால் உங்களுக்கும் அப்படியொரு உள்பக்கம் இருக்கும். எடை குறைந்த பிள்ளைகள் எந்த வீடுகளில் என்று அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவுக்குத் தெரியும், ஆனால் அவர் பட்டியலை உங்களிடம் தர முடியாது, தரவும் கூடாது. பொதியை அவர் ஊடாகவோ முன்பள்ளி ஆசிரியை ஊடாகவோ அனுப்பினால் பெயர்கள் உங்கள் கைக்கு வரவே தேவையில்லை. அப்புறம், கூட்டத்தில் யாராவது உலகப் பசியைத் தீர்க்கிறோம் என்று பேச ஆரம்பித்தால் ஒரு கணக்கு வைத்திருங்கள்: ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் கணிப்பில் 2022 இல் உலகம் வீணாக்கிய 105 கோடி தொன் உணவில் 63 கோடி வீடுகளில்தான் வீணானது. மண்டபத்தில் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கடைசியாக, நீங்கள் இன்னும் அரசாங்க வேலையில் இருக்கிறீர்கள். பதவியை ஏற்பதற்கு முன் உங்கள் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்மொழி போதாது. நீங்கள் மேற்பார்வைக்குப் போகும் இல்லம் ஒன்று அந்தக் குழுவிடம் உணவு வாங்கினால், அந்த இல்லம் பற்றிய சபை முடிவுகளில் நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டும், அது கூட்டக் குறிப்பில் பதியவும் வேண்டும். மறுபக்கமும் யோசியுங்கள். உங்களைச் சபையில் வைத்திருந்தால் இல்லங்கள் தங்களிடம் மறுக்க மாட்டார்கள் என்று குழு கணக்குப் போட்டிருக்கலாம். அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள, முதல் கூட்டத்துக்கு முன் அவர்களின் விநியோகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த நேரம் எடுத்தது, எந்த நேரம் கொடுத்தது, எது மறுக்கப்பட்டது என்ற மூன்று நிரலும் அதில் இருந்தால் நல்ல ஆட்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால், பதவியை ஏற்பதற்கு முன்பே அந்த மூன்று நிரலையும் போடச் சொல்லுங்கள்.